ரங்கூன் போய் வந்த தெருவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், போன ஞாயிற்றுக்கிழமை கை தூக்கிய 23 வீட்டுக்காரர்களுக்கும்,

வணக்கம்.

அன்றைக்குக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பின்வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில். செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தத் தெருவில் வீடோ, மாடி அறையோ, கார் ஷெட்டோ வாடகைக்கு விடக்கூடாது. ஏற்கெனவே விட்டவர்கள் இரண்டு மாதத்துக்குள் காலி செய்ய வைக்க வேண்டும். கைகள் உயர்ந்தன. நான் தூக்கவில்லை. எழுந்து எதிர்த்துப் பேசவும் இல்லை. மசாலாச் சீயத்தைத் தின்றேன், காப்பியைக் குடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். சீயம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம்தான் வரவில்லை. அங்கே பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் நடந்த வீட்டின் முகப்பில் எட்டு பர்மாத் தேக்குத் தூண்கள். அதில் ஒன்றில் சாய்ந்துகொண்டுதான் ஒரு தம்பி கேட்டார்: "வந்தவனெல்லாம் இங்கேயே தங்கிட்டா நாம எங்க போறது?" நல்ல கைதட்டல் விழுந்தது. தூணுக்கு வாயில்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு நம் வீடுகளைச் சுற்றிக் காட்டும்போது என்னவெல்லாம் சொல்கிறோம்! இது இத்தாலிச் சலவைக்கல், அது பெல்ஜியம் கண்ணாடி, இது ஆத்தங்குடிக் கல், இந்தக் கதவு பர்மாத் தேக்கு. கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் கவுனி அரிசியை வைத்து, இது பர்மாவிலிருந்து வந்ததாக்கும் என்கிறோம். சடங்குக்கு எடுக்கும் மரவைப் பாத்திரம்கூட அந்தத் தேசத்து அரக்கு வேலைதான். எல்லாம் சரி. தேக்கும் அரிசியும் கப்பலேறி வந்த அந்தத் தேசத்தில் நம்மை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. "கலா" என்றார்கள். வெளியிலிருந்து வந்தவன், குறிப்பாக இந்தியன் என்று பொருள். சொல்லும் தொனியைப் பொறுத்து அது வெறும் அடையாளம், அல்லது காறித் துப்பிய எச்சில். நாம் இன்றைக்கு "வடக்கன்" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்தவர் எங்கள் அய்யா. அப்பாவைப் பெற்றவர். அவர் முதலாளியும் இல்லை, ஏஜெண்டும் இல்லை, ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளும் இல்லை. பர்மாவின் பெகு நகரத்தில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் சமையலுக்கு இருந்தவர். 1931இல், 19 வயதில், சென்னையில் கப்பலேறி டெக்கில் படுத்துக்கொண்டு போனார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வருவார். கடையிலிருந்த பத்துப் பேருக்கும் சோறாக்கிப் போட்டு, பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒளித்து வைத்து ரெண்டு அப்பளம் கூடக் கொடுத்தவர். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்களின் பெருமையை எழுதும் மலர்களில் சமையல்காரர்களுக்கு இடமில்லை. அது இருக்கட்டும்.

நாம் வசதியாக மறந்துவிட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மா அப்போது வேறு நாடு இல்லை. கீழ்ப் பர்மாவை 1852இலும் மேல்பர்மாவை 1885இலும் பிடித்த ஆங்கிலேயர்கள், அதை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே வைத்திருந்தார்கள். 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பிரித்தார்கள். அதுவரை காரைக்குடியிலிருந்து ரங்கூன் போனவர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் பிழைக்கப் போனவர். பாஸ்போர்ட் கிடையாது. சட்டப்படி சொன்னால் எங்கள் அய்யா பெகுவில் "வெளிமாநிலத் தொழிலாளி". நம் தீர்மானத்தில் இருக்கும் அதே வார்த்தை.

பர்மாக்காரர்களுக்கு நம்மேல் கோபம் இல்லாமலா இருந்தது? இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. இதைச் சொன்னால் நம் சமூகத்துப் பெரியவர்கள் சிலருக்குச் சுருக்கென்றிருக்கும், ஆனாலும் சொல்கிறேன். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் 1,650 அளவுக்கு இருந்தன. ஐராவதிக் கழிமுகத்தில் காட்டை வெட்டி வயலாக்கியதற்கு முதல் போட்டவை அவைதான். வெள்ளைக்காரன் வங்கி எட்டிப் பார்க்காத கிராமத்தில் விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்தவை அவைதான். நிலத்தை எழுதி வாங்குவது அவர்களின் நோக்கமும் இல்லை. வட்டி ஒழுங்காக வந்தால் போதும். ஆனால் 1930இல் உலகச் சந்தை விழுந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடன் அப்படியே நின்றது. வட்டி கட்ட முடியாதவன் நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். எட்டே வருஷம். நாலில் ஒரு வயல். உங்கள் ஊரில் நாலில் ஒரு வயலை ஒரிசாக்காரர் ஒருவர் வாங்கியிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? நான் இருக்கமாட்டேன்.

ஆனால் நிலம் இப்படிக் கைமாறி முடியும் முன்பே, அந்தக் கோபம் போய் நின்ற முதல் வாசல் எது தெரியுமா?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள். நம் சென்னை மாகாணத்தின் வடக்கு மாவட்டங்களான விசாகப்பட்டினம், கஞ்சம், கோதாவரிப் பக்கத்திலிருந்து போனவர்கள். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனிகள் என்ன செய்தன? வேலைநிறுத்தத்தை உடைக்கப் பர்மியர்களைக் கூட்டிவந்தன. பர்மியர்களுக்கும் வேலை வேண்டியிருந்தது. நிலம் இல்லாதவன் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து நிற்கிறான், வேலையைக் கொடுத்தால் வேண்டாம் என்பானா? கொஞ்ச நாளில் கம்பெனிகள் பழைய ஆட்களோடு சமாதானமாகிவிட்டன. மே 26ஆம் தேதி காலையில் பர்மியர்கள் வேலைக்கு வந்தபோது, உங்களுக்கு இனி வேலை இல்லை, போகலாம் என்றார்கள். உள்ளே தெலுங்குக்காரர்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வேலை போனவர்கள் நின்றார்கள். அங்கே ஆரம்பித்த அடிதடி ஊரெல்லாம் பரவியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பகுதி இந்தியக் கூலிகள்.

கூட்டிவந்த கம்பெனிக்காரனுக்கு ஒரு கீறலும் விழவில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களும் அன்றைக்கு அந்தத் தெருவில் இல்லை. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவிலிருந்தவன் நகர்ந்துகொண்டான். எங்கள் அய்யா போனது அதற்கு அடுத்த வருஷம். அவர் போனபோதும் துறைமுகத்தில் அந்தக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். கூலிகளைச் சேர்த்துக் கொண்டுபோய், முன்பணம் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறவருக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? மேஸ்திரி. ஆங்கிலேய அரசு ஆவணங்களிலும் அதே சொல்தான்.

அந்தக் கலவரத்தின் சூட்டில்தான் "நாம் பர்மியர்" என்ற பொருள்படும் தோபாமா இயக்கம் பிறந்தது. பர்மா நம் நாடு, பர்மிய மொழி நம் மொழி என்று துண்டறிக்கை போட்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. நாமும் அந்த மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டியவர்கள்தான். அந்த இளைஞர்களில் பலர் பின்னால் பர்மாவின் விடுதலைக்குப் போராடினார்கள். அதே 1930 டிசம்பரில் சயா சான் என்பவரின் தலைமையில் தாராவதியில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். தலைவரி கட்ட முடியாதவர்களின் கிளர்ச்சி அது. ஆங்கிலேயர் அவரை 1931இல் தூக்கிலிட்டார்கள். போராட்டம் அத்தனையும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பசித்தவன் கையில் ஒரு எதிரியின் படத்தைக் கொடுத்தவன் யார் என்பதே என் கேள்வி.

1938 ஜூலையில் இன்னொரு பெரிய கலவரம். ஒரு புத்தகத்தில் புத்தரை இழிவாக எழுதியிருப்பதாக ஆரம்பித்து, முஸ்லிம்கள்மேல் பாய்ந்து, இந்திய முகம் உள்ள எல்லார்மேலும் திரும்பியது. அய்யா இருந்த கடையில் சில நாள் கதவே திறக்கவில்லை. உள்ளே இருந்த அரிசியையும் கருவாட்டையும் வைத்து ஒப்பேற்றினார்களாம். "சட்டியில் தாளிக்கப் பயந்தோம்" என்பார். தாளிக்கிற வாசனை வெளியே போனால் உள்ளே ஆளிருப்பது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். தீர்மானத்தின் காரணப் பட்டியலில் மூன்றாவதாக என்ன எழுதியிருக்கிறோம்? "கடுகெண்ணெய் வாடை தாங்க முடியவில்லை."

இந்தியர்கள் வந்து பர்மியர்களின் வேலையைப் பறிக்கிறார்களா என்று பார்க்க ஆங்கில அரசு ஒரு விசாரணையும் வைத்தது. ஜேம்ஸ் பேக்ஸ்டர் என்ற அதிகாரி நடத்தினார். அறிக்கை 1941இல் வந்தது. இந்தியத் தொழிலாளி பர்மியனின் வேலையைப் பெரிதாகப் பிடுங்கியதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலும் பர்மியர் செய்ய வராத வேலையைத்தான் செய்தான் என்பது அவர் கண்டது. அறிக்கை அப்படிச் சொன்ன பிறகும் அதே வருஷம் இந்தியர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தி ஒப்பந்தம் போட்டார்கள். காந்தி உட்பட இங்கிருந்த தலைவர்கள் கண்டித்தார்கள். உண்மை என்ன என்பது ஒரு கோப்பிலும், முடிவு என்ன என்பது இன்னொரு கோப்பிலும் இருந்தன.

அந்த டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் விழுந்தது. காசு இருந்தவனும் செல்வாக்கு இருந்தவனும் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். நாலைந்து லட்சம் பேர். எத்தனை ஆயிரம் பேர் வழியில் விழுந்தார்கள் என்று சரியாக எண்ணக்கூட ஆளில்லை. அய்யா மாந்தலே, மோனிவா, கலேவா, தாமு என்று நடந்து மணிப்பூரில் பாலேல் வந்து சேர்ந்தார். இம்பாலில் கஞ்சி ஊற்றினார்கள். "மணிப்பூர் ரோடு" என்று அப்போது பெயர் இருந்த திமாபூர் நிலையத்தில் ரயிலேறினார். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதை, கறுப்பர்களுக்கு மலைப்பாதை என்று பிரித்து அனுப்பியதாக அப்போதே பெரிய குற்றச்சாட்டு எழுந்து, காங்கிரஸ் தீர்மானம் வரை போயிற்று. அய்யாவுக்கு அரசியல் தெரியாது. சுமந்து வந்த தகரப் பெட்டியைச் சிந்துவின் கரையில் போட்டுவிட்டு வந்ததுதான் ஆற்றாமை. சிந்துவின் என்பது ஆற்றின் பெயர். எங்கள் அப்பத்தாவுக்கு அது புரியாமல், "யாரந்தச் சிந்து?" என்று ரொம்ப நாள் சண்டை பிடித்தாராம்.

அய்யா திரும்பிப் போகவில்லை. கடைகள் திரும்பிப் போயின. 1948இல் நிலத்தைப் பர்மிய அரசு தேசவுடைமையாக்கிச் சட்டம் போட்டது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் சின்னக் கடை வரை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. நமக்கு 2016 நவம்பர் நினைவுக்கு வரும். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, தமிழைவிடப் பர்மிய மொழி நன்றாகப் பேசியவர்களும் அதில் இருந்தார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதிக்குப் பெயர் வந்தது இப்படித்தான். சென்னையில் பர்மா பஜார் வந்தது இப்படித்தான். இங்கே வந்தும் ஒட்டாமல், நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்டவர்களும் உண்டு. எல்லையில் மறித்தார்கள். மணிப்பூரின் மோரே என்ற எல்லை ஊரில் அப்படியே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் இருக்கிறது.

வந்தவர்களை நம் ஊர் எப்படி வரவேற்றது? எனக்கு நினைவு தெரிந்து "பர்மாக்காரன்" என்ற சொல் பள்ளிக்கூடத்தில் ஒரு கேலி. நான் 1962இல் பிறந்தவன். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா மோகிங்கா கொடுத்து விடுவார், மீன் சாற்றில் போட்ட சேமியா மாதிரி. நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். நானும் பிடித்தேன்.

1966இல் பம்பாயில் சிவசேனா ஆரம்பித்தபோது அவர்களின் முதல் குறி நாம். "மதராஸி". லுங்கி கட்டியவனை விரட்டு என்ற கோஷம். உடுப்பி ஓட்டல்கள் உடைபட்டன. தாராவியில் குடிசை போட்டிருந்த திருநெல்வேலிக்காரர்கள் அலுவலக வேலையா பறித்தார்கள்? தோல் பதனிட்டார்கள். 1991இல் காவிரியைச் சொல்லிப் பெங்களூரில் தமிழர்கள் அடிவாங்கினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது வேறொன்று. நம் தெரு வாட்ஸ்அப் குழுவில், 2025 பிப்ரவரியில் எத்தனை செய்தி வந்தது என்று மேலே தள்ளிப் பாருங்கள். அந்த மாதம் 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கு மாட்டிக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியது. நாம் கொதித்தோம். மனுஷனை இப்படியா நடத்துவது என்று எழுதியவர்தான் இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த ராத்திரி, எட்டாம் நம்பர் வீட்டில் விளக்கு அணையவே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை டல்லாஸில் இருக்கிறான். இந்தத் தெருவில் மட்டும் ஏழு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1917இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்தது. 1923இல் பகத் சிங் திந்த் என்பவர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டுப் போனபோது, நீ வெள்ளையன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 1946இல் மனமிரங்கி, வருஷத்துக்கு நூறு இந்தியர் வரலாம் என்றார்கள். நூறு பேர்! நம் ஊர்த் திங்கட்கிழமைச் சந்தையில் ஒரு மூலையில் நிற்கும் கூட்டம். 1965 அக்டோபரில்தான் நாட்டுக்கு நாடு பாகுபாடு பார்க்கும் அந்தப் பழைய ஒதுக்கீட்டை எடுத்தார்கள். அது சும்மா வந்த புத்தி இல்லை. அதே வருஷம் மார்ச் மாதம் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டுப் போன கறுப்பின மக்களைக் குதிரைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஊர்வலங்கள் நிற்கவில்லை. ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. நிறம் பார்த்து ஆளைப் பிரிப்பது வெட்கம் என்ற எண்ணம் பரவியிருந்த அந்தச் சில மாதங்களில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. எட்டாம் நம்பர் வீட்டுப் பிள்ளையின் விமான டிக்கெட்டில் அலபாமாவில் யாரோ வாங்கிய அடியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமோ என்னவோ.

இப்போது நம் தெருவுக்கு வருகிறேன். உங்கள் புகார்கள் எல்லாம் பொய் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவர் முழுக்கப் பான் எச்சில். உண்மை. ஏழு பேர் தங்கவேண்டிய இடத்தில் பதினாலு பேர். உண்மை. ராத்திரி பதினோரு மணிக்கு போஜ்புரிப் பாட்டு. அதுவும் உண்மை, அதுவும் ஒரே பாட்டு. நம்மூர்க் கொத்தனார்கள் வேலை குறைந்துவிட்டது என்கிறார்களே, அதுவும் உண்மைதான். அதில் என் பங்கும் இருக்கிறது. போன வருஷம் என் மாடி கட்டியபோது, நம்மூர்க் கொத்தனார் 1,100 ரூபாய் கேட்டார். மேஸ்திரி, "வடக்கத்திப் பயலுகளை விடுறேன், தலைக்கு 800 கொடுங்க" என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஒரு நாள் சாந்து குழைத்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டால், அவன் கைக்கு வருவது 550. மீதி 250? சாப்பாடு, தங்குமிடம், ஊரிலிருந்து வந்த ரயில் செலவு, முன்பணம் என்று கணக்குச் சொன்னான். தங்குமிடம் என்பது என் வீட்டிலேயே, பூசாத சுவருக்குள், சிமெண்டு சாக்கை விரித்துப் படுத்தது.

ரங்கூன் துறைமுகம் ஞாபகம் வருகிறதா? மூட்டை தூக்கும் இரண்டு பேர், நடுவில் ஒரு மேஸ்திரி. இந்தத் தடவை கம்பெனியின் இடத்தில் நின்றது நான். பையனுக்கு 1,100 கொடுத்திருந்தால், மலிவு என்பதற்காக அவனைக் கூப்பிட்டிருக்கமாட்டேன். நம்மூர்க் கொத்தனாருக்கும் வேலை போயிருக்காது. நம் தீர்மானத்தில் கூலியைப் பற்றி ஒரு வரி இல்லை. மேஸ்திரி பெயரும் இல்லை. மேஸ்திரி கூட்டத்துக்கு வந்திருந்தார். கை தூக்கினார். நான் பார்த்தேன்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டிவருகிறவர் உரிமம் வாங்க வேண்டும், உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், போக வரப் பயணப்படி கொடுக்க வேண்டும் என்று 1979இலேயே சட்டம் எழுதியாயிற்று; 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்த நியாயத்தைப் பிடித்துக் கேட்டால் பாதிப் பிரச்சினை அடங்கும். அதற்கு நாம் மேஸ்திரியைப் பகைத்துக்கொள்ள வேண்டும். பான் எச்சில்காரனைப் பகைத்துக்கொள்வது சுலபம்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பின. வேறெங்கோ நடந்ததை இங்கே நடந்ததாக ஒட்டியவை. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றது. பொய் பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அப்போது நாம் நெஞ்சை நிமிர்த்தினோம்: எங்கள் ஊரில் அப்படி நடக்காது என்றோம். அந்தப் பேச்சுக்கு இந்தத் தீர்மானம் எங்கே பொருந்துகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சாந்து குழைத்த பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 22, 23 வயது இருக்கும். பீகார் இல்லை, ஒரிசா. எந்த மாவட்டம் என்றேன். கஞ்சம் என்றான். எனக்குச் சட்டென்று உறைத்தது. 1936இல் ஒரிசாவைத் தனி மாகாணமாகப் பிரிக்கும் வரை கஞ்சம் நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அங்கே கோபால்பூர் என்று ஒரு பழைய துறைமுகம். அந்தக் காலத்தில் ரங்கூனுக்குக் கப்பல் போன துறை. எங்கள் அய்யாவின் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவனிடம் சொன்னேன். அவன் தமிழ் என் இந்தியைவிடப் பரவாயில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரங்கூன்?" என்றான். "எங்க தாத்தாவோட அப்பா ரங்கூன் போனார், அண்ணா. வரலே."

வரவே இல்லையாம். கப்பலில் செத்தாரா, துறைமுகத்தில் செத்தாரா, 1942இல் நடந்து வந்த வழியில் விழுந்தாரா, யாருக்கும் தெரியாது. அவர் மனைவி கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை என்று வீட்டில் சொல்வார்களாம். பிறகு சாந்து காய்ந்துவிடும் என்று எழுந்து போய்விட்டான்.

நான் கேட்பது இவ்வளவுதான். தீர்மானத்தைத் திரும்ப எடுங்கள். அதற்குப் பதில் வீட்டுக்காரர்கள், ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வையுங்கள். ஆதார் நகலும் ஊர் விலாசமும் வாங்கி வையுங்கள். கழிவறை இல்லாத கார் ஷெட்டை வாடகைக்கு விடாதீர்கள், அது மனிதருக்கான இடமில்லை. சுவரில் துப்பினால் அபராதம் என்று தமிழிலும் இந்தியிலும் ஒரியாவிலும் பலகை வையுங்கள். ஒரியா எழுத்தை எழுதித் தர எனக்கு ஆளிருக்கிறது. இந்தத் தெருவில் இனி வீடு கட்டுகிறவர், எந்த ஊர் ஆளாக இருந்தாலும் ஒரே கூலி என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்கட்டும். அந்தத் தீர்மானத்துக்கு நான் முதல் கை தூக்குகிறேன். மேஸ்திரி தூக்குவாரா என்று பார்ப்போம்.

ஒரு தகவலையும் சொல்லிவிட வேண்டும், பிறகு யாரும் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. என் புது மாடி அறையை நாலு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கஞ்சம் பையன்கள்தான். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. வரும் ஒன்றாம் தேதி வருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு இல்லை என்று பேச்சு. கடுகெண்ணெய்க்கு நான் தடை போடவில்லை. தாளிக்கிற வாடை உங்கள் ஜன்னலுக்கு வந்தால் என் கதவைத் தட்டுங்கள். அதைப் பற்றி என்னிடம் பேசுங்கள், அவர்களிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
தெருவின் கடைசி வீட்டுக்காரன்
காரைக்குடி